மதிப்பூதியம் என்ற சொல்லும் பால்வாடி டீச்சரின் மனசும்



செமஸ்டர் பரீட்சை முடிந்து கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கிறது. ரொம்ப நாளாக எழுத நினைத்த ஒரு விஷயத்தை இந்த இடைவெளியில் எழுதிவிடுகிறேன். சரித்திரக் கட்டுரைதான். ஆனால் ராஜா ராணி யாரும் வரமாட்டார்கள். நம் ஊர் பால்வாடி டீச்சர்தான் வருவார்.

பி.காம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். செலவுத் தலைப்புகளில் சம்பளம் வேறு, கூலி வேறு, கமிஷன் வேறு, மதிப்பூதியம் வேறு. கல்லூரி விழாவுக்கு வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போகும் சிறப்பு விருந்தினருக்குக் கவரில் வைத்துக் கொடுப்போமே, அது மதிப்பூதியம். அவர் நம்மிடம் வேலைக்குச் சேர்ந்தவர் இல்லை. ஏதோ மதித்து வந்தார், நாமும் மதித்துக் கொடுக்கிறோம். அடுத்த மாதம் கொடுக்கவேண்டிய கட்டாயம் நமக்கும் இல்லை, கேட்கும் உரிமை அவருக்கும் இல்லை.

இந்தியாவில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஊர் ஊராகப் பார்த்துக்கொள்ளும் அங்கன்வாடிப் பணியாளருக்கு 1975-லிருந்து மத்திய அரசு கொடுத்து வருவதும் இதே தலைப்பில்தான். ஒரு மணி நேரப் பேச்சுக்கும் முப்பது வருஷ உழைப்புக்கும் ஒரே சொல்!

சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவர்களின் மனநலம் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். யோகா, தியானம், மன அழுத்தம் குறைக்கும் பயிற்சி என்று ஆலோசனைகளும் நிறைய வருகின்றன. அவற்றைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அங்கன்வாடியின் சரித்திரத்தைப் படித்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அந்த அம்மாக்களின் மனச்சுமையில் பெரும்பகுதி அவர்கள் மனதில் பிறந்தது இல்லை. வேலைக்கு வைத்த பெயரில் பிறந்தது. அந்தப் பெயர் எப்படி வந்தது, அதனால் என்ன ஆயிற்று, அது எங்கே கொஞ்சம் மாறியது என்பதுதான் இந்தக் கட்டுரை.

மீசை வைத்த அம்மா

கதை குஜராத்தில் ஆரம்பிக்கிறது. கிஜுபாய் பதேக்கா என்று ஒரு வக்கீல். மரியா மாண்டிசோரியின் முறைகளைப் படித்து, வக்கீல் தொழிலை விட்டுவிட்டு, 1920-ல் பாவ்நகரில் ஒரு பாலமந்திர் தொடங்கினார். அடியும் மிரட்டலும் இல்லாமல் குழந்தைகளோடு பழகியதால் 'மீசை வைத்த அம்மா' என்று அவருக்குப் பட்டப்பெயரே வந்துவிட்டது.

அவரோடு சேர்ந்து உழைத்தவர் தாராபாய் மோடக். இவர் 1945-ல் மகாராஷ்டிரத்தில் போர்டி என்ற கடலோர ஊரில் கிராமத்துக் குழந்தைகளுக்கான கல்வி மையத்தைத் தொடங்கினார். ஏழைக் குடியிருப்புகளின் குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. சரி, அவர்கள் வராவிட்டால் நாம் போவோம் என்று அவர்களுடைய வீட்டு முற்றத்துக்கே வகுப்பைக் கொண்டுபோனார். முற்றத்துக்கு அங்கே 'ஆங்கன்' என்று பெயர். 'அங்கன்வாடி' என்ற சொல் இப்படித்தான் பிறந்தது. 'பால்வாடி'யும் இவர்கள் காலத்துச் சொல்தான். பால் கொடுக்கிற இடம் என்று நம் ஊரில் பலரும் நினைப்பதுண்டு. அந்த 'பால்' குழந்தையைக் குறிக்கும் வடசொல்.

தாராபாயுடன் வாழ்நாள் முழுக்கப் பணிசெய்தவர் அனுதாய் வாக். 13 வயதில் கல்யாணம், ஆறே மாதத்தில் விதவை. அதன்பிறகு படித்து ஆசிரியையாகி, போர்டியிலும் பிறகு கோஸ்பாட் மலையிலும் பழங்குடிக் குழந்தைகளுக்காக வாழ்ந்தார். தாராபாய்க்கு 1962-ல் பத்மபூஷண் கிடைத்தது.

இதே காலத்தில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1939-ல் மாண்டிசோரி அம்மையாரே அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். உலகப்போர் வந்துவிட்டதால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார், அதில் கொஞ்ச காலம் கொடைக்கானலில். குழந்தைக்குப் பாடம் சொல்வதற்கு முன்பு ஆசிரியர் தன் மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும், தன் கோபத்தையும் அகந்தையையும் கவனிக்க வேண்டும் என்பது அவருடைய போதனைகளில் முக்கியமான ஒன்று. ஆசிரியரின் மனசு என்று ஒன்று இருக்கிறது, அது குழந்தையைப் பாதிக்கும் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள்.

இவர்கள் எல்லாரும் பெரிய மனிதர்கள். சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வக்கீல் தொழிலை விட்டது கிஜுபாயின் சொந்த முடிவு. போர்டிக்குப் போனது தாராபாயின் சொந்த முடிவு. அது தொண்டு. தொண்டு செய்கிறவர் சம்பளம் கேட்க மாட்டார். அம்மா என்று கூப்பிடப்படுகிறவரும் கேட்க மாட்டார். பிற்பாடு அரசாங்கம் இந்தப் பள்ளிக்கூட மாதிரியை எடுத்துக்கொண்டபோது, கூடவே தொண்டு, தாய்மை என்ற இரண்டு சொற்களையும் எடுத்துக்கொண்டது. தாராபாய் தானே தேர்ந்தெடுத்த ஒன்று, பின்னால் வந்த லட்சக்கணக்கான பெண்களுக்கு நிபந்தனை ஆகிவிட்டது.

1975: 33 இடங்களில்

1975 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் நாட்டில் 33 இடங்களில் தொடங்கியது. இதைத்தான் ஐசிடிஎஸ் என்கிறோம். ஆறு சேவைகள்: இணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புதல், முன்பருவக் கல்வி, தாய்மார்களுக்கு ஊட்டச்சத்துக் கல்வி.

தடுப்பூசிக்கும் பரிசோதனைக்கும் கிராம சுகாதார செவிலியர் வருவார் என்றாலும், குழந்தைகளைத் திரட்டி உட்கார வைப்பதும் எழுதி வைப்பதும் அங்கன்வாடிப் பணியாளர்தான். ஆக ஆறு சேவைகளும் வந்து சேர்கிற இடம் ஒரே ஒரு பெண். உதவிக்கு இன்னொரு பெண். அந்தந்த ஊர்க்காரராக இருக்கவேண்டும், ஊருக்காகத் தொண்டு செய்பவராக இருக்கவேண்டும் என்பது திட்டத்தின் எண்ணம். அதனால் அவர் 'கௌரவ' ஊழியர்.

மதிப்பூதியம் எவ்வளவு? மெட்ரிக் படித்தவருக்கு மாதம் 150 ரூபாய், படிக்காதவருக்கு 100 ரூபாய், உதவியாளருக்கு 35 ரூபாய்.

தமிழ்நாட்டில் இதோடு வேறு இரண்டு ஓடைகளும் சேர்ந்தன. 1980-ல் உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. ஊரில் ஒரு பெண்ணைச் சமுதாய ஊட்டச்சத்துப் பணியாளராக நியமித்து, 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் எடை பார்த்து, எடை குறைந்த குழந்தைக்குக் கூடுதல் சத்துணவு கொடுத்தார்கள். அடுத்தது எல்லாருக்கும் தெரிந்தது. 1982 ஜூலை 1-ம் தேதி திருச்சி பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் முதல்வர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, 2 வயது முதல் 5 வயது வரை உள்ள கிராமத்துக் குழந்தைகளுக்கும் குழந்தைகள் மையங்களில் மதிய உணவு போடப்பட்டது. இந்த மையங்களும் மேலே சொன்ன ஊட்டச்சத்துத் திட்டமும் பிற்பாடு ஐசிடிஎஸ்ஸோடு கலந்து இன்றைய அங்கன்வாடிகள் ஆயின. முதன்மை, குறு இரண்டும் சேர்த்து தமிழ்நாட்டில் 54,439 மையங்கள்.

சத்துணவு வேலைகளில் விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஆதரவு தேவைப்பட்ட ஒரு பெண்ணை நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஆதரவாக நிறுத்திவிட்டு, அவருக்கு யார் ஆதரவு என்ற கேள்வியை அப்போது பெரிதாக யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் எப்படிப் போகிறது?

என் அத்தை ஒருவர் அங்கன்வாடியில் 20 வருஷத்துக்கு மேல் வேலை செய்கிறார். அதனால் இதைக் கிட்டே இருந்து பார்த்திருக்கிறேன்.

காலையில் போய்க் கூட்டிப் பெருக்கித் திறக்கவேண்டும். உதவியாளர் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவருவார். அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்தி, மூக்கைத் துடைத்து, பாட்டு ஆரம்பிக்கவேண்டும். 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று தமிழ்நாட்டில் முன்பருவக் கல்விக்குத் தனிப் பாடத்திட்டமே இருக்கிறது. மாதத்துக்கு ஒரு கருப்பொருள், அதற்குப் பாட்டு, கதை, விளையாட்டு. படித்துப் பார்த்தால் அருமையாக இருக்கும். இடையில் அரிசி பருப்பு அளந்து கொடுக்கவேண்டும், முட்டை நாள் என்றால் எண்ணிக் கொடுக்கவேண்டும். கர்ப்பிணிகள் சத்துமாவு வாங்க வருவார்கள். தடுப்பூசி நாளில் செவிலியர் வருவார். எடை, உயரம் பார்க்கவேண்டும். மதியம் பிள்ளைகள் தூங்கிய பிறகு எழுத்து வேலை. சாயங்காலம் வீட்டுப் பார்வை. இது போகப் பல ஊர்களில் போலியோ சொட்டு மருந்து முகாம், வாக்காளர் பட்டியல் வேலை.

பக்கத்து ஊர் மையத்தில் ஆள் இல்லை என்றால் அதற்கும் இவரே பொறுப்பு. ஆள் இல்லாத மையம் அபூர்வம் என்று நினைக்காதீர்கள். 2025 ஏப்ரலில் தமிழக அரசு வெளியிட்ட ஆள்சேர்ப்பு அறிவிப்பில் இருந்த காலியிடங்கள் 7,783. ஒவ்வொரு காலியிடத்துக்குப் பின்னாலும் இரண்டு மையங்களுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்த ஒருத்தர் இருப்பார்.

இதில் வெளியே தெரியாத ஒரு வேலை இருக்கிறது. சிரிப்பு. மனித வள மேலாண்மைப் பாடத்தில் 'உணர்ச்சி உழைப்பு' என்று ஒன்று வரும். ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் என்ற சமூகவியல் அறிஞர் 1983-ல் எழுதிய புத்தகத்தில் விமானப் பணிப்பெண்களை வைத்து இதை விளக்கினார். உள்ளே என்ன கஷ்டம் இருந்தாலும் முகத்தில் சிரிப்பைக் காட்டவேண்டியதும் ஒரு உழைப்புதான், அது ஆளைக் களைப்பாக்கும் என்பது சாரம். பயணிக்குச் சிரிப்பு பொய்யா நிஜமா என்று தெரியாமல் போகலாம். 3 வயதுக் குழந்தைக்குத் தெரிந்துவிடும். டீச்சர் முகம் வாடியிருந்தால் வகுப்பே சுருங்கிவிடும்.

அத்தையிடம் ஒருமுறை, "இத்தனை பிள்ளைங்க அழுதா உங்களுக்குத் தலை வலிக்காதா அத்தை?" என்று கேட்டேன்.

"பிள்ளைங்க அழுதா தூக்கி வச்சுக்கலாம்டா. இந்த ஆப் அழுதா என்னடா பண்றது?" என்றார்.

எழுத்து வேலை மொபைலுக்கு வந்த கதை

அந்த ஆப் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். 2012 வாக்கில் ஐசிடிஎஸ்ஸைச் சீரமைத்தபோது பதிவேடுகளை 11 ஆக வகுத்தார்கள். 2018 மார்ச் 8-ம் தேதி போஷன் அபியான் என்ற தேசிய ஊட்டச்சத்து இயக்கம் தொடங்கியது. மொபைல் போன்கள் வந்தன. 2021-ல் போஷன் டிராக்கர் என்ற ஆப் வந்தது. எந்தப் பிள்ளை வந்தது, என்ன சாப்பிட்டது, எவ்வளவு எடை என்பதெல்லாம் அன்றன்றே ஏற்றவேண்டும்.

நோக்கம் சரியானதுதான். எந்த ஊரில் எந்தப் பிள்ளை மெலிந்திருக்கிறது என்று உடனே தெரிந்தால் நல்லதுதானே. ஆனால் நடைமுறையில் சிக்னல் கிடைக்காத ஊரில் மொட்டைமாடிக்கு ஓடவேண்டும். பழைய போன் தொங்கிவிடும். ஆப் ஒருபக்கம், நோட்டு ஒருபக்கம் என்று ஒரே கணக்கை இரண்டுமுறை எழுதவேண்டி வரும். நல்லபடியாகப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த நாளிலும், பதிவு ஏறாவிட்டால் அன்றைக்கு வேலையே நடக்காத மாதிரி. செய்த வேலைக்கும் கணக்கில் தெரியும் வேலைக்கும் நடுவில் இடைவெளி விழுந்தால் எந்த மனிதருக்கும் மனசு சோர்ந்துபோகும்.

கணக்குப் புத்தகம் என்ன சொல்கிறது

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன் :) மத்திய அரசு நிர்ணயித்த மதிப்பூதியத்தை வரிசையாக வைத்துப் பார்ப்போம். பணியாளருக்கு 2002-ல் 1,000 ரூபாய். 2008-ல் 1,500. 2011-ல் 3,000. அடுத்த உயர்வு 2018 அக்டோபரில், 4,500. உதவியாளருக்கு அதே 2018-ல் 2,250.

2011-க்கும் 2018-க்கும் நடுவில் ஏழு வருஷம். அந்த ஏழு வருஷத்தில் அரிசி விலை நிற்கவில்லை, பஸ் கட்டணம் நிற்கவில்லை. 3,000 மட்டும் நின்றது. சம்பளம் என்றால் பஞ்சப்படி உண்டு, வருடாந்திர உயர்வு உண்டு. மதிப்பூதியத்துக்கு அது கிடையாது. யாராவது மனசு வைக்கும்போது ஏறும். 4,500-ஐ 30-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 150 ரூபாய்.

மாநிலங்கள் இதன்மேல் தங்கள் பங்கைச் சேர்க்கும். அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆக, ஒரே வேலை, ஒரே ஆப், ஆனால் எல்லைக்கோட்டைத் தாண்டினால் வேறு தொகை. இதில் தமிழ்நாடு ஒரு நல்ல காரியம் செய்தது. அங்கன்வாடி, சத்துணவு ஊழியர்களுக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 2025 அறிவிப்பின்படி பணியாளர் முதல் 12 மாதம் தொகுப்பூதியமாக 7,700 ரூபாய் பெறுவார், பிறகு 7,700 - 24,200 என்ற ஊதிய விகிதத்துக்குள் வருவார். தொகை பெரிது என்று சொல்ல முடியாது. ஆனால் 'அடுத்த வருஷம் எவ்வளவு' என்ற கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. மனநிம்மதிக்கும் ஊதிய விகிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், மாதக் கடைசியில் மளிகைக் கடையில் கடன் சொல்லிப் பார்த்தால் தெரிந்துகொள்வார்கள்.

ஒரே நீதிமன்றம், ஆறு நாள் இடைவெளி

எனக்கு இந்தச் சரித்திரத்திலேயே மிகவும் வியப்பாக இருந்தது 2006 டிசம்பர் மாதம்தான்.

டிசம்பர் 7-ம் தேதி, கர்நாடக அரசுக்கும் அமீர்பி என்பவருக்கும் இடையிலான வழக்கில் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்லர் என்றது. அதனால் அரசு ஊழியருக்கு உள்ள நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகும் வழி அவர்களுக்கு இல்லை.

அதற்கு ஆறு நாள் கழித்து, டிசம்பர் 13-ம் தேதி, உணவு உரிமை வழக்கில் அதே உச்சநீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. 2008 டிசம்பருக்குள் நாட்டில் 14 லட்சம் அங்கன்வாடிகள் இயங்கவேண்டும், எந்தக் குழந்தையும் விடுபடக்கூடாது என்றது.

இரண்டும் வேறு வேறு வழக்குகள், வேறு வேறு கேள்விகள். சட்டப்படி இரண்டுக்கும் முரண் இல்லை என்று வக்கீல்கள் சொல்லலாம். ஆனால் ஒரு டீச்சரின் இடத்திலிருந்து பாருங்கள். அவர் வேலை நாட்டுக்கு அவ்வளவு அவசியம், அது குழந்தையின் உரிமை. ஆனால் அந்த வேலையைச் செய்கிறவர் அரசுப் பதவியில் இல்லை. நீங்கள் இல்லாமல் முடியாது, ஆனால் நீங்கள் எங்கள் ஆள் இல்லை என்று ஒரு வீட்டில் சொன்னால் அந்த வீட்டில் வாழ்கிறவருக்கு எப்படி இருக்கும்?

இந்த இரட்டை நிலை பிறகும் தொடர்ந்தது. 2013-ல் நடந்த 45-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு, இப்படிப்பட்ட திட்ட ஊழியர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்கவேண்டும், குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் தரவேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே இருந்தது. 2023 டிசம்பர் 12-ம் தேதி ஆந்திராவில் அங்கன்வாடி ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 42 நாள் நடந்தது. நடுவில், 2024 ஜனவரியில், அந்த மாநில அரசு எஸ்மா சட்டத்தை அவர்கள்மேல் கொண்டுவந்தது. எஸ்மா என்பது அத்தியாவசியப் பணிகளுக்கான சட்டம். உரிமை கேட்டால் கௌரவ ஊழியர், வேலையை நிறுத்தினால் அத்தியாவசியப் பணியாளர். இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை, உங்களுக்குப் புரிந்தால் சொல்லுங்கள்.

2022: ஒரு சொல் மாறியது

நல்ல செய்தியும் உண்டு. 2022 ஏப்ரல் 25-ம் தேதி, குஜராத்திலிருந்து போன மணிபென் என்பவரின் வழக்கில் நீதிபதிகள் அஜய் ரஸ்தோகி, அபய் ஓகா இருவரும் ஒரு முக்கியமான தீர்ப்பைச் சொன்னார்கள். அங்கன்வாடி ஊழியர்களுக்கு 1972-ம் வருடப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்பது தீர்ப்பு.

பணிக்கொடையை நாம் கிராஜுவிட்டி என்று படிக்கிறோம். கடைசி மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை செய்த வருடங்களால் பெருக்கவேண்டும். கணக்குக்காக ஒருவருக்குக் கடைசி ஊதியம் 10,000, வேலை செய்தது 30 வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,73,077 ரூபாய் வரும். ஓய்வுபெறும் ஏழைப் பெண்ணுக்கு அது பெரிய தொகை.

ஆனால் எனக்குத் தொகையைவிட அந்தத் தீர்ப்பின் வழிதான் பிடித்தது. அரசுத் தரப்பு, இது பகுதிநேர வேலை, இவர்கள் வாங்குவது ஊதியம் இல்லை, மதிப்பூதியம் என்று வாதாடியது. நீதிமன்றம் அங்கன்வாடியில் என்னென்ன வேலை நடக்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. இத்தனை வேலையைப் பகுதிநேரம் என்று ஏற்கவே முடியாது என்றது. அந்தச் சட்டத்தில் 'ஊதியம்' என்று சொல்லியிருப்பதற்குள் இந்த மதிப்பூதியமும் அடங்கும் என்றது. இவர்களுடைய பணி நிலைமையை மேம்படுத்துவது பற்றி அரசுகள் யோசிக்கும் காலம் வந்துவிட்டது என்றும் சொன்னது.

1975-ல் எழுதிய தலைப்பு 47 வருஷம் கழித்து ஒரு சட்டத்தின் அளவிலாவது திருத்தப்பட்டது. நாம் லெட்ஜரில் தவறான தலைப்பில் எழுதிய ஒரு பதிவைத் திருத்த மூன்று நிமிஷம் ஆகும்!

அப்படியானால் மனநலத்துக்கு என்ன செய்வது?

பி.காம் மாணவர்கள் எல்லாரும் படித்திருக்கும் ஒருவரை இங்கே கூப்பிடுகிறேன். ஃபிரெடரிக் ஹெர்ஸ்பர்க். 1959-ல் அவர் சொன்ன இருகாரணிக் கோட்பாடு பரீட்சையில் அடிக்கடி வரும். சம்பளம், வேலைப் பாதுகாப்பு, மேற்பார்வை, பணிச்சூழல் இவையெல்லாம் ஒரு வகை. இவை இருந்தால் பெரிய உற்சாகம் வந்துவிடாது, ஆனால் இல்லாவிட்டால் அதிருப்தி நிச்சயம். சாதித்த திருப்தி, அங்கீகாரம், வேலையின் சுவை இவை இன்னொரு வகை. உற்சாகம் இவற்றால் வரும்.

அங்கன்வாடி டீச்சருக்கு இரண்டாவது வகை நிறையவே இருக்கிறது. பேசாத பிள்ளை பேச ஆரம்பிப்பதையும், மெலிந்த பிள்ளை எடை கூடுவதையும் கண்ணால் பார்க்கிறார். ஊரில் பாதிப்பேர் அவரிடம் பாட்டுக் கற்றவர்கள். என் அத்தை இத்தனை வருஷம் தாங்கியது அதனால்தான் என்று நினைக்கிறேன். இல்லாதது முதல் வகை. நம் பயிற்சிகளும் பாராட்டு விழாக்களும் ஏற்கெனவே இருக்கும் இரண்டாவது வகையையே மேலும் மேலும் ஊற்றுகின்றன. அடியில் ஓட்டை உள்ள குடத்தில் மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால் நிரம்புமா?

மருத்துவ உதவி வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, வேலைக்குப் போகவே பயமாக இருக்கிறது என்றால் அது உடனே கவனிக்கவேண்டிய விஷயம். 2022 அக்டோபர் 10-ம் தேதி தொடங்கிய டெலி-மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். இதை உங்கள் வீட்டுப் பக்கத்து அங்கன்வாடியில் சொல்லிவையுங்கள்.

ஆனால் அந்த எண்ணை அழைத்துப் பேசுவதற்கே அரைமணி நேரம் தனியாக உட்கார வேண்டுமே! பிள்ளைகளை யார் பார்ப்பது? அதனால்தான் சொல்கிறேன், மனநல உதவி என்பது மாற்று ஆளில் ஆரம்பிக்கிறது. காலியிடத்தை நிரப்புவது மனநல உதவி. ஒரே கணக்கை இரண்டு முறை எழுத வைக்காமல் இருப்பது மனநல உதவி. பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறை விடும் மே மாத வெயிலில் இவர்களும் கேட்கும் விடுமுறை, மனநல உதவி. கண்காணிப்புக்கு வருகிறவர் பதிவேட்டைப் பார்ப்பதற்கு முன்னால் 'சாப்பிட்டீங்களா அம்மா' என்று கேட்பதும் அதில் சேரும். அதற்குச் செலவே இல்லை.

நாட்டில் பணியாளர், உதவியாளர் இருவரையும் சேர்த்தால் சுமார் 25 லட்சம் பெண்கள் இந்த வேலையில் இருக்கிறார்கள். நம்மில் பலரும் முதன்முதலில் வீட்டுக்கு வெளியே அழுதது இப்படி ஒருவரின் மடியில்தான். அடுத்தமுறை அங்கன்வாடி ஊழியர்களுக்கு மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி என்று செய்தி வந்தால், மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். பயிற்சிக்குப் போன அன்று மையத்தை யார் பார்த்துக்கொண்டார்கள்? அந்த நாளின் பதிவை ராத்திரி யார் ஏற்றினார்கள்? அந்த நாளுக்கு அவர் வாங்கியது சம்பளமா, மதிப்பூதியமா?

 உங்கள் வீட்டிலோ தெருவிலோ பால்வாடி டீச்சர் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் ஏதாவது சொன்னால் எனக்கும் சொல்லுங்கள்.